தெளிவும் நுரையும்: பீர்க் குவளைக்குள் ஒரு வணிக வரலாறு

மதுவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் 'தேறல்' ஒன்று. 'தேறு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் கலங்கல் நீங்கித் தெளிந்த மதுவைச் சுட்டுகிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிடும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. கலித்தொகையில் அது உவமையாகவே வருகிறது. அயற்பொருள் ஒன்றைச் சேர்த்துத்தான் ஒரு நீர்மத்தைத் தெளிவாக்க முடியும் என்ற பட்டறிவு மிகப் பழையது. அதில் ஒரு முரண் இருக்கிறது. தெளிவு என்பதைத் தூய்மையின் அடையாளமாகக் காண்கிறோம். ஆனால் அத்தெளிவு, சேர்க்கப்பட்ட ஒன்றின் விளைவு.

இம்முரணை நவீன காலத்தில் மிகத் துலக்கமாகக் காட்டும் பொருள் பீர். இன்று இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வீட்டில் பீர் வடிப்போருக்கான கடையொன்றுக்குச் சென்றால், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றுக்கு அருகே மூன்று சிறு பொட்டலங்களைக் காணலாம். ஒன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ். இரண்டாவது, 'ஐரிஷ் மாஸ்' எனப்படும் செங்கடற்பாசி. மூன்றாவது, சிலிக்கோன் கலந்த நுரையடக்கி. முதல் இரண்டும் பீரைத் தெளிவிப்பவை; மூன்றாவது நொதிக்கும்போது நுரை பொங்கி வழியாமல் தடுப்பது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கால வணிகத்தைப் படிக்கும் ஆய்வு மாணவன் என்ற முறையில் முதற்பொட்டலத்தைத் தேடித்தான் இதற்குள் வந்தேன். தேடல் வங்காள விரிகுடாவின் மீன்பிடிப் படகுகளில் தொடங்கிக் கனடாவின் மருத்துவமனைகள்வரை சென்றது. பீரின் தூய்மைக்குச் சாட்சியாகக் கண் ஏற்றுக்கொள்ளும் தெளிவும் நுரையும் எப்படி உருவாக்கப்பட்டன, அவற்றுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இப்பதிவின் பொருள்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது

நொதித்து முடிந்த பீரில் இருவகைக் கலங்கல் உண்டு. முதலாவது, அடியில் தங்காமல் மிதக்கும் ஈஸ்ட் செல்கள். இரண்டாவது, பார்லியின் புரதங்களும், பார்லித் தோலிலும் ஹாப்ஸிலும் உள்ள பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து உண்டாக்கும் மூட்டம். இது பீரைக் குளிர்விக்கும்போது தோன்றி, வெப்பம் ஏறியதும் மறைவதால் 'குளிர் மூட்டம்' எனப்படும்.

இவற்றுள் எதுவும் குடிப்பவருக்குத் தீங்கு செய்வதன்று. சுவையிலும் பெரிய கேடு இல்லை. காலம் கொடுத்தால் பெரும்பகுதி தானே படிந்துவிடும். ஆனால் ஈஸ்ட் செல் ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது படிய நாள்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வகுத்த விதிப்படி, நீர்மத்தில் விழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். சிறு துகள்களைத் திரளாக்கி விட்டத்தை இரு மடங்காக்கினால் அவை நான்கு மடங்கு விரைவாகப் படியும். தெளிவிப்பான்கள் அனைத்தின் வேலையும் இதுவே: திரளச் செய்து விழவைப்பது. ஐசிங்கிளாஸில் உள்ள கொலாஜன், பீரின் அமிலத்தன்மையில் நேர்மின்னூட்டம் பெறுகிறது. ஈஸ்ட் செல்லின் புறச்சுவர் எதிர்மின்னூட்டம் உடையது. இரண்டும் பற்றிக்கொண்டு அடியில் இறங்குகின்றன.

மீன் நெட்டியின் பயணம்

'ஐசிங்கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல் பழைய டச்சு மொழியில் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையைக் குறித்த சொல்லின் திரிபு. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பிரிட்டன் இதற்கு ரஷ்யாவையே நம்பியிருந்தது. காஸ்பியன் கடலிலும் அதில் கலக்கும் ஆறுகளிலும் பிடிபட்ட ஸ்டர்ஜன் மீன்களின் காற்றுப்பைகள் உலர்த்தப்பட்டு லண்டனுக்கு வந்தன. விலை மிகுதி. செய்முறையும் பிரிட்டனில் தெளிவாக அறியப்படவில்லை; கொதிக்கவைத்து எடுக்கும் பசை என்றே வேதியியல் நூல்கள் சொல்லிவந்தன.

இதை மறுத்தவர் ஹம்ஃப்ரி ஜாக்சன். 1773இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, நூல்கள் சொன்னபடி கொதிக்கவைத்தபோதெல்லாம் தமக்கு வெறும் பசையே கிடைத்தது என்ற தோல்வியின் பதிவோடு தொடங்குகிறது. ஐசிங்கிளாஸ் சமைக்கப்படுவதே இல்லை. காற்றுப்பையின் சவ்வைப் பிரித்து, மடித்து, உலர்த்தினால் போதும் என்று அவர் நிறுவினார். வெப்பம் பட்டால் அதன் தெளிவிக்கும் ஆற்றல் போய்விடும். இன்றைய வேதியியல் இதை உறுதிப்படுத்துகிறது: கொலாஜனின் முப்புரி இழை வெப்பத்தில் குலைந்து ஜெலட்டினாகிறது, ஜெலட்டினுக்கு அந்த ஆற்றல் குறைவு. வீட்டில் பீர் வடிப்போர் ஐசிங்கிளாஸ் கரைசலைக் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று இன்றும் அறிவுறுத்தப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ரஷ்யச் சார்பிலிருந்து விடுபடும் முயற்சி தொடர்ந்தது. நீராவிப் பொறியாளரும் எரிவாயு விளக்கின் முன்னோடியுமான வில்லியம் மர்டாக், 1795இல் காட் மீனிலிருந்து மாற்றுப்பொருள் செய்யும் முறையை உருவாக்கினார். அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக லண்டன் பீர் உற்பத்தியாளர்களின் குழு அவருக்கு 2,000 பவுண்டு கொடுத்தது. அக்காலத்தில் அது ஒரு பெருஞ்செல்வம். தெளிவு எவ்வளவு பெரிய வணிகப் பண்டமாகிவிட்டது என்பதற்கு இத்தொகையே சான்று.

இந்தியா இக்கதைக்குள் வருவது 1830களின் இறுதியில். ஃபிரான்சிஸ் புகானன் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் 'பாலினெமஸ் சேலே' என்றொரு மீன் இடம்பெற்றிருந்தது. நம் கடற்கரையில் 'காலா' என்று அழைக்கப்படும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் காற்றுப்பை பெரியது. கல்கத்தாவிலிருந்த சீன வணிகர்கள் அதன் மதிப்பை முன்பே அறிந்து, வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பி வந்தனர். ஐரோப்பியர் கவனித்தது அதன் பிறகே. 1842இல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் இந்தியக் கடற்கரைகளில் ஐசிங்கிளாஸ் உற்பத்தி குறித்துத் தனி நூலே எழுதினார். கான்பூரில் பிறந்து, சகாரன்பூர்த் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்து, பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானவர் அவர். இந்தியப் பொருள் ரஷ்யப் பொருளுக்கு அடுத்த தரமாகவே மதிக்கப்பட்டது. அதை மேம்படுத்துவது எப்படி என்பது நூலின் முக்கிய அக்கறைகளுள் ஒன்று.

இங்கே ஒரு வட்டம் நிறைவுறுவதைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சனும், 1820களிலிருந்து பர்ட்டன் நகர உற்பத்தியாளர்களும் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கு வெளிர்நிற ஏல் அனுப்பினர். அதே நூற்றாண்டில் இந்தியக் கரையிலிருந்து மீன் நெட்டி இங்கிலாந்துக்குச் சென்றது. முதற்பயணம் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயராலேயே உலகுக்கு நினைவூட்டப்படுகிறது. இரண்டாம் பயணத்துக்கு அப்படிப் பெயர் எதுவும் வாய்க்கவில்லை.

கண்ணாடியும் தெளிவின் மீதான ஆசையும்

தீங்கற்ற கலங்கலை நீக்க இத்தனை முயற்சி ஏன்? கலங்கிய பீர் கெட்டுப்போன பீராகவும் இருக்கலாம் என்ற ஐயம் ஒரு காரணம். நோய்ப்பட்ட நொதித்தலும் மூட்டத்தை உண்டாக்கும் என்பதால் அது முற்றிலும் பொய்யான ஐயமன்று. மற்றொரு காரணம் பாத்திரம். தகரக் கலப்பு உலோகக் குவளையிலும் மண்குவளையிலும் குடித்தவர்கள் பீரின் நிறத்தையோ தெளிவையோ அதிகம் கண்டதில்லை. பிரிட்டனில் கண்ணாடிக்கு நூறாண்டுக் காலம் இருந்த தீர்வை 1845இல் ராபர்ட் பீல் அரசால் நீக்கப்பட்ட பின் கண்ணாடிக் குவளை மலிவானது. ராயிலின் நூல் வெளிவந்த அதே 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் பொன்னிறத்தில் தெளிந்த லாகர் பீரை வடித்தார். வெளிர்நிற மால்ட்டும் கண்ணாடியும் சேர்ந்தபோது, முன்பு நாக்குக்கு விடப்பட்ட தீர்ப்பில் கண்ணுக்குப் பெரும்பங்கு கிடைத்தது.

தெளிவு ஒரு வழக்காறே என்பதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேண்டுமென்றே கலங்கலாக விடப்படும் பீர் வகை செல்வாக்குப் பெற்றது. 2018இல் அமெரிக்க பீர் உற்பத்தியாளர் சங்கம் அதைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. நேற்றைய குறை இன்றைய குணமாயிற்று.

வீட்டுச் சமையலறையில் எஞ்சிய பழைய தொழில்நுட்பம்

பெருந்தொழிற்சாலைகள் இருபதாம் நூற்றாண்டில் வடிகட்டிகளையும் மையவிலக்குப் பொறிகளையும் கைக்கொண்டன. வீட்டில் வடிப்பவரிடம் அவை இல்லை. அவர் நம்புவது புவியீர்ப்பையும் தெளிவிப்பானையும் மட்டுமே. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டுப் பீப்பாய்த் தொழில்நுட்பம் இன்று பெரிதும் உயிரோடிருக்கும் இரண்டு இடங்கள், பிரிட்டிஷ் மதுக்கூடங்களின் நிலவறையும் வீட்டுச் சமையலறையும்.

இச்சமையலறைக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீரின் மீதே வரி விதித்தபோது, வீட்டில் வடிப்போர் உரிமம் பெற வேண்டியதாயிற்று. அந்த உரிமத்தை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது வீட்டுத் திராட்சை மதுவுக்குக் கிடைத்த சட்ட ஏற்பு வீட்டுப் பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அதை மாற்றியது: தனியொருவர் ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்ட வயதுவந்தோர் உள்ள குடும்பம் 200 கேலனும் வரியின்றி வடிக்கலாம். இவ்விரு சட்ட மாற்றங்களுக்குப் பிறகே வீட்டுப் பீருக்கான சில்லறைச் சந்தை விரிந்தது. முன்பு ஆலைகளுக்கு மொத்தமாகச் சென்ற தெளிவிப்பான்கள் சிறு பொட்டலங்களாயின.

அவற்றுள் ஐரிஷ் மாஸ் அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளர்வது. மால்ட் கரைசலைக் கொதிக்கவைக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் இருபது லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் இதைச் சேர்ப்பார்கள். இதிலுள்ள கராஜீனன் புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது. கராஜீனனுக்காகவே வளர்க்கப்படும் மற்றொரு பாசியான கப்பாஃபைகஸ், இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் நம் மண்டபம் கடற்கரையில் மீனவப் பெண்கள் பலருக்கு வாழ்வாதாரமாக இருந்துவருகிறது.

குளிர் மூட்டத்துக்கு வேறு வழி தேடிய லியோ வாலர்ஸ்டைன், 1911இல் நியூயார்க்கில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றுள் முதன்மையானது பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் பப்பெயின். அக்காலத்தில் அதை ஏற்றுமதி செய்த முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பப்பெயினில் ஒரு சிக்கல் இருந்தது. மூட்டத்துக்குக் காரணமான புரதத்தை அறுக்கும் நொதி, நுரையைத் தாங்கும் புரதத்தையும் அறுத்துவிடும். அளவு மிகுந்தால் பீர் தெளியும், நுரை நிற்காது. ஒரு சாட்சியைச் செம்மைப்படுத்தினால் மற்றொன்று கெடுகிறது.

நுரை என்னும் இரண்டாம் சாட்சி

நுரையைப் பொறுத்தவரை வடிப்பவரின் விருப்பமே இரட்டையானது. கொதிகலத்திலும் நொதிகலத்திலும் நுரை கூடாது. குவளையில் நுரை வேண்டும். கரும்புச்சாறு காய்ச்சும் ஆலைகளில் பொங்குவதை அடக்கச் சில சொட்டு எண்ணெய் விடுவதும், வட இந்தியாவில் சாற்றைத் தெளிவிக்க வெண்டைத் தண்டின் கொழகொழப்பான சாற்றைச் சேர்ப்பதும் நாம் அறிந்தவை. தெளிவிப்பானும் நுரையடக்கியும் அங்கேயும் இணைந்தே இருக்கின்றன. ஆனால் பீரில் எண்ணெய் விட்டால் குவளையின் நுரையும் போய்விடும். இன்றைய வீட்டுப் பீர்க்காரர் பயன்படுத்தும் சிலிக்கோன் நுரையடக்கி, வயிற்று வாயுவுக்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தில் உள்ள அதே பொருள்தான். அது குமிழியின் மெல்லிய படலத்தை உடைத்தபின் ஈஸ்ட்டோடு ஒட்டி அடியில் தங்கிவிடுவதால், ஊற்றும் பீரில் பெரும்பாலும் இருப்பதில்லை. நொதிகலத்தில் ஒருமுறை நுரையாகிக் காய்ந்த புரதம் மறுமுறை நுரையாவதில்லை. எனவே அங்கே நுரையை அடக்குவது குவளையின் நுரைக்கு நன்மையே செய்கிறது.

குவளையின் நுரையைப் பொய்யாக உண்டாக்கும் வரலாறு இவ்வளவு தீங்கற்றதன்று. 1820இல் லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலர் ஃபிரெடெரிக் ஆக்கம் உணவுக் கலப்படங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், மதுக்கூடக்காரர்கள் நீர்த்த பீருக்கு நுரை வரவழைக்கச் சேர்த்த கலவையை அம்பலப்படுத்தினார். அன்னபேதி, படிகாரம், உப்பு ஆகியவற்றின் கலவை அது. நுரை நின்றால் பீர் திடமானது என்று குடிப்பவர் நம்பினார், அந்நம்பிக்கையே விற்கப்பட்டது.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இதே நம்பிக்கை உயிர்களைக் கொண்டது. செயற்கைச் சலவைப்பொருள்கள் பரவியபின், கழுவிய குவளைகளில் எஞ்சிய அவற்றின் படலம் பீரின் நுரையைக் கொன்றது. அதற்கு மாற்றாகச் சில ஆலைகள் 1960களில் கோபால்ட் உப்பைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவையொட்டிச் சேர்க்கத் தொடங்கின. 1965 ஆகஸ்டு முதல் 1966 ஏப்ரல் வரை கனடாவின் கியூபெக் நகரில், மிகுதியாகப் பீர் குடித்துவந்த 48 பேர் கடுமையான இதயத்தசை நோயோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 20 பேர் இறந்தனர். அமெரிக்காவிலும் இத்தகைய நோய்க்கூட்டங்கள் பதிவாயின. கோபால்ட், மிகுந்த மது, போதிய உணவின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்கியதாக மருத்துவர்கள் முடிவு செய்தனர். கோபால்ட் நிறுத்தப்பட்டதும் புதிய நோயாளிகள் வருவதும் நின்றது. சுவைக்காக அன்று, கெடாமல் காப்பதற்காகவும் அன்று. குவளையின் மேல் சில நிமிடம் நுரை நிற்கவேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் அது.

சிட்டையில் இல்லாதவை

தெளிவிப்பான்களைக் கோபால்ட்டோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஐசிங்கிளாஸும் பாசியும் நூற்றாண்டுகளாகத் தீங்கின்றிப் பயன்பட்டவை. இரண்டுக்கும் பொதுவானது, குடிப்பவர் அவற்றை அறியாமலிருப்பதே. தன் வேலையை முடித்து அடியில் தங்கிவிடும் பொருளைச் சட்டம் உட்கூறாகக் கருதுவதில்லை. செய்முறைத் துணைப்பொருள் என்கிறது. 1516ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டத்தைத் தன் மூதாதையாகக் கொண்டாடும் ஜெர்மானியச் சட்டமும், பின்னர் நீக்கப்படும் தெளிவிப்பான்களை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவுத் தகவல் ஒழுங்குமுறை, ஒவ்வாமை தரும் பொருளாக மீனைப் பட்டியலிட்டுவிட்டு, பீரையும் திராட்சை மதுவையும் தெளிவிக்கப் பயன்படும் ஐசிங்கிளாஸுக்கு விலக்கு அளிக்கிறது. மீன் உண்ணாத ஒருவருக்கு அவ்விலக்கின் பொருள் வேறு. புலால் மறுப்போரின் நீண்டகாலக் குறையை ஏற்று, கின்னஸ் நிறுவனம் ஐசிங்கிளாஸைக் கைவிடப்போவதாக 2015இல்தான் அறிவித்தது.

வீட்டில் வடிப்பவர் இவ்வகையில் மற்றவரிலிருந்து வேறுபடுகிறார். பொட்டலத்தைப் பிரித்துப் போடுவது அவர் கையே ஆதலால், தன் குவளையில் என்ன சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். தெளிவு வேண்டாம், காத்திருக்கிறேன் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. நண்பர் புலால் உண்ணாதவர் என்றால் ஐசிங்கிளாஸை விட்டுப் பாசியை எடுக்கலாம்.

வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு முறையியல் பாடம் இருப்பதாக நினைக்கிறேன். பீரின் வரலாற்றைப் பீர் ஆலைகளின் ஆவணங்களில் மட்டும் தேடினால் ஐசிங்கிளாஸ் ஒரு செலவுக் கணக்காகவே தென்படும். மீனியல் நூல்கள், காப்புரிமைப் பதிவுகள், வரிச்சட்டங்கள், மருத்துவ இதழ்கள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அதன் பின்னாலிருந்த கடற்கரையும் உழைப்பும் புலப்படும். ஹாமில்டனின் மீன் நூலைப் பேரரசின் அறிவியல் என்றும், ராயிலின் நூலைப் பேரரசின் வணிகம் என்றும் தனித்தனியே வகைப்படுத்திவிடுகிறோம். முதல் நூல் பெயரிட்ட மீனை இரண்டாம் நூல் விலைக்கணக்கில் எழுதியது என்பதை அந்த வகைப்பாடு மறைத்துவிடுகிறது.

பாம்பன், இராமேசுவரம் கரைகளில் கூறல் மீன் வலையில் பட்டால் இன்றும் அது செய்தியாகிறது. இறைச்சியைவிட அதன் வயிற்றிலுள்ள நெட்டிக்கே விலை என்பதை அங்குள்ள மீனவர் ஒவ்வொருவரும் அறிவர். அந்த நெட்டியின் பெரும்பகுதி இன்று கிழக்காசியாவின் உணவுச் சந்தைக்குச் செல்கிறது. மதுவைத் தெளிவிக்கும் பயனும் கரையில் பேசப்படுகிறது. கல்கத்தாவின் சீன வணிகர்கள் முன்பே பயன்படுத்திய வழிதான் அது. அதை இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றின் ஒரு தனி இயலாக யாரேனும் எழுத வேண்டும். இத்துறையில் பணிபுரிவோரும், கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களும் தாம் அறிந்ததைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.